யாரு கை வச்சது?

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. போடியில், மலைக்கு ரோடு பிரிகிற இடத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த குருவுக்குத் தாடி கிடையாது. அவள் பெயர் குருவம்மா. பெயரிலேயே குரு இருந்ததால் தனியாகப் பட்டம் எதுவும் தேவைப்படவில்லை. புருஷன் பேரில் கடை, பெண்டாட்டி கையில் ஸ்பேனர் என்று ஆரம்பித்தது, போகப் போகப் பேரும் அவளுடையதாகவே ஆகிவிட்டது. ஊரே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும்.

சீடர்கள் இரண்டு பேர். மூத்தவன் பெத்தணசாமி. குருவைவிட வயதில் பெரியவன், தலை பாதி நரைத்தவன். ஆனாலும் ஊரோடு சேர்ந்து அவனும் அவளை அக்கா என்பான். அவள் அவனை அண்ணே என்பாள். இவர்களில் யார் மூத்தவர் என்று தெரியாமல் வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள்.

இளையவன் சுருளிவேல். முப்பதைத் தாண்டியவன், கம்பத்துக்காரன். வந்து சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது.

கடைக்குள் ஒரு பெஞ்சு உண்டு. பஞ்சர், பிரேக், ஆயில் மாற்றுவது எல்லாம் வாசலிலேயே நடக்கும். இன்ஜினைப் பிரிப்பது மட்டும் உள்ளே, அந்தப் பெஞ்சில். குருவம்மாவைத் தவிர யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. போன வெள்ளிக்கிழமை மணிக்கட்டு வலிக்கிறதென்று எழுந்தவள், கையை உதறிக்கொண்டே சொன்னாள்.

"சுருளி, இனிமே நீ உள்ள உக்காரு."

அன்றிலிருந்து பெத்தணசாமிக்குச் சோறு இறங்கவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, பொறாமைப்படுவதிலும் அவன் நல்ல வேலைக்காரன்தான். ஒன்றையும் அரைகுறையாகச் செய்யமாட்டான். சுருளி டீ குடிக்கிற விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஸ்பேனரைத் துடைத்து அடுக்கி வைப்பது பிடிக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாம் இவனைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து "சுருளி இல்லையா?" என்று கேட்பது சுத்தமாகப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும்விட, அவனிடம் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது அறவே பிடிக்கவில்லை. "உங்களுக்குத் தெரியாததாண்ணே" என்று மரியாதையாக வேறு பேசித் தொலைப்பான். இப்படிப்பட்ட ஆளை எதை வைத்துத்தான் வெறுப்பது?

தேனியில் ஒரு கடையில் பெத்தணசாமியைக் கூப்பிட்டிருந்தார்கள். போய்விடலாம் என்றும் நினைத்தான். ஆனால் அந்தப் பெஞ்சில் சுருளி உட்கார்ந்திருக்கும்போது இவன் கிளம்பினால், தோற்றுப் போய்க் கிளம்பினான் என்று ஊர் சொல்லும். ஒரு பதில் வாங்காமல் போவதில்லை என்று முடிவு செய்தான்.

திங்கட்கிழமை காலையில், குருவம்மா ஷட்டரைத் தூக்கும்போதே பக்கத்தில் போய் நின்றான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"அந்தப் பெஞ்சு."

"பெஞ்சுக்கு என்ன?"

"நான் எத்தனை வருஷமா இந்தக் கடையில கிடக்கேன். அவன் நேத்து வந்தவன். அவன்கிட்ட இருக்குறது, என்கிட்ட என்னக்கா இல்ல?"

குருவம்மா ஷட்டரை முழுசாக ஏற்றிவிட்டாள்.

"சாயங்காலம் சொல்றேன்" என்றாள்.

அதற்குள் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. நின்றது என்று சொல்வதைவிட உதைத்துக்கொண்டு அணைந்தது என்பதுதான் சரி. ஜெசிந்தா சிஸ்டர் இறங்கினாள். மலையில் இருக்கிற குடியிருப்புகளுக்கெல்லாம் தடுப்பூசி போடப் போகிற நர்ஸ். ஸ்கூட்டர் அந்த ஏற்றத்தில் இழுக்காது என்று கியர் வண்டிதான் வைத்திருந்தாள்.

"அக்கா, கியர் ரொம்ப இறுக்கமா இருக்கு. ஒண்ணுலருந்து ரெண்டுக்கு விழ மாட்டேங்குது. மிதிச்சு மிதிச்சுக் காலே வீங்கிருச்சு. நிறுத்துற இடத்துல நியூட்ரல் கிடைக்கவே மாட்டேங்குது."

"வச்சுட்டுப் போங்க சிஸ்டர்."

"நாளைக்கு விடிஞ்சதும் நான் மேல போகணும். மருந்துப் பெட்டியோட வளைவுல நின்னுட்டேன்னா அவ்வளவுதான். சுருளிகிட்டயே குடுத்துருங்க."

கடைசி வாக்கியம் பெத்தணசாமியின் காதில் ஈயமாக இறங்கியது.

மெக்கானிக்கோ, டெய்லரோ, பல் டாக்டரோ, யாராயிருந்தாலும் வேலையைத் தொடுவதற்கு முன் கேட்கிற ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்காவிட்டால் அவர்களுக்குக் கை ஓடாது. பெத்தணசாமியும் கேட்டான்.

"இதுக்கு முன்னால இதுல யாரு கை வச்சது, சிஸ்டர்?"

"சுருளிதான். போன மாசம் கிளட்ச் கேபிள் மாத்திக் குடுத்தாரு."

பெத்தணசாமியின் முகத்தில் மூன்று நாள் கழித்து ஒரு வெளிச்சம் வந்தது. அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. இறுக்கம் எப்போதிருந்து, இன்ஜின் சூடான பிறகா, கிளம்பும்போதேவா, ஒன்றும் கேட்கவில்லை. சிஸ்டர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

சுருளி அப்போதுதான் வந்தான். வந்தவனை உட்காரவிடாமல், ராசிங்காபுரத்தில் ஒரு வண்டி பாதி வழியில் நிற்கிறது, போய்ப் பார்த்து வா என்று அனுப்பினாள் குருவம்மா. போகிற போக்கில் அவன் சிஸ்டரின் வண்டியைப் பார்த்தான்.

"சிஸ்டர் வண்டியாண்ணே? என்ன பண்ணுதாம்?"

"நீ போ. நான் பாத்துக்கிறேன்."

"நீங்க பாத்தா சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். அதுவும் பிடிக்கவில்லை.

"இன்னைக்கு இந்த வண்டி உங்களுது" என்றாள் குருவம்மா.

பெத்தணசாமி நேராகக் கிளட்ச் லீவருக்குப் போனான். பிடித்து ஆட்டிப் பார்த்தான். தீக்குச்சி கனத்துக்கு ஆட்டம் இருந்தது. அந்த அளவு ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். அது அவனுக்கும் தெரியும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு அவனே சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் அன்றைக்கு அவன் கண்ணுக்கு அந்தத் தீக்குச்சி விறகுக்கட்டையாகத் தெரிந்தது.

கேபிளின் நட்டை இழுத்து இறுக்கினான். ஆட்டம் துளிகூட இல்லாமல் செய்தான். வண்டியை ஸ்டார்ட் செய்து கியரைத் தட்டினான். விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டின தட்டுக்கு விழுந்தது. நியூட்ரலும் வந்து உட்கார்ந்தது.

"அக்கா, இங்கிட்டு வாங்க. பாத்தீங்களா? உங்க சுருளி கேபிளை லூசா விட்டிருக்கான். கிளட்ச் முழுசா விலகலைன்னா கியர் எப்படி விழும்? இது தெரியாம இவன் உள்ள உக்காந்து இன்ஜின் பிரிக்கிறான்."

குருவம்மா லீவரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பெத்தணசாமியின் முகத்தைப் பார்த்தாள். துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டாள்.

"மலைக்குப் போற வண்டி. மலையில ஓட்டிப் பாத்துரலாம். எடுங்கண்ணே, நானும் வர்றேன்."

பெத்தணசாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. சாயங்காலம் வரை எதற்கு, பதில் இப்போதே வரப்போகிறது என்று நினைத்தான். அடிவாரத்து முந்தல் கிராமம் தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. பின்னால் குரு உட்கார்ந்திருக்க, கியரை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினான். முதல் வளைவு ஏறியது. இரண்டாவது வளைவும் ஏறியது.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் கத்தியது. ஆக்சிலேட்டரைத் திருகினான். இன்னும் கத்தியது. சத்தம்தான் போனதே தவிர வண்டி போகவில்லை. கருகின நாற்றம் வந்தது. பின்னால் சரியத் தொடங்கின வண்டியைப் பிரேக் போட்டு நிறுத்தி, இரண்டு பேருமாகத் தள்ளிச் சுவரோரம் சேர்த்தார்கள்.

"கியர் விழுதாண்ணே?"

"விழுதுக்கா."

"வண்டி போகுதா?"

"போகலக்கா."

அவனுக்கு விளங்கிவிட்டது. ஆட்டமே இல்லாமல் இழுத்துக் கட்டிய கேபிள், கிளட்ச் பிளேட்டை முழுசாகப் பிடிக்கவிடவில்லை. சமதளத்தில் அது தெரியாது. ஏற்றத்தில் சுமையோடு போனால் பிளேட் வழுக்கும், சூடாகும், கருகும். நாளைக் காலையில் இந்த இடத்தில் அந்த சிஸ்டர் மருந்துப் பெட்டியோடு தனியாக நின்றிருப்பாள். பள்ளத்தின் பக்கம் பார்க்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஒன்று பின்னால் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்தான். வண்டி வேலை தெரிந்தவன். லீவரைப் பிடித்ததுமே முகத்தைச் சுளித்தான்.

"என்னக்கா இது, கேபிளை இப்படி இழுத்துக் கட்டி வச்சிருக்கு? யாரு கை வச்சது இதுல?"

ஜீப்பில் இருந்த பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"என் கைதான்" என்றாள் குருவம்மா.

டிரைவர் முதலில் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சங்கடமாகிவிட்டது.

"கை வலின்னு சொன்னாங்க. உங்களுக்கும் முன்ன மாதிரி முடியல போலக்கா" என்று சொல்லிவிட்டு ஜீப்பை எடுத்தான்.

பெத்தணசாமிக்கு முதலில் வந்தது நிம்மதி. அதன் பின்னாலேயே வெட்கம். அவள் காலில் விழுந்துவிடலாமா என்றுகூட இருந்தது. அதற்கும் அடுத்தபடியாக, நல்ல வேளை, இதைப் பார்க்கச் சுருளி இல்லை என்று தோன்றியது. இப்படித் தோன்றுகிறதே என்று தன் மேலேயே அவனுக்கு எரிச்சல் வந்தது.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"கேபிளை லூஸ் பண்ணுங்க. வீடு போய்ச் சேரணும்."

பழைய ஆட்டத்தை விட்டான். வண்டி இழுத்தது. ஆனால் கியர் மறுபடியும் பழையபடி கல்லாக இருந்தது.

"சுருளி விட்ட அளவு சரியாத்தான்க்கா இருக்கு" என்றான். இந்த வாக்கியத்தை வாயிலிருந்து வெளியே எடுப்பதற்கு அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. "கோளாறு வேற எங்கயோ."

"எங்க?"

"பிரிச்சாத்தான் தெரியும்."

அவர்கள் இறங்கி வருவதற்குள் செய்தி அவர்களுக்கு முன்னால் போனில் இறங்கி வந்திருந்தது. கடைக்கு எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏக்கா, நீ பாத்த வண்டி மூணாவது வளைவுல படுத்துக்கிருச்சாமே?"

"ஆமாண்ணே" என்றாள் குருவம்மா. "ரெண்டு டீ போடுங்க."

டீ குடித்து முடித்ததும் பெத்தணசாமி வண்டியை வாசலிலேயே சாய்த்து ஆயிலை வடிக்கப் பாத்திரம் தேடினான். குருவம்மா உள்ளே கையைக் காட்டினாள்.

"பெஞ்சுல வச்சுப் பிரிங்க."

அவன் நின்றான்.

"நானாக்கா?"

"வண்டி உங்களுதுன்னு காலையிலயே சொன்னேனே."

பெஞ்சில் உட்கார்ந்தான். இத்தனை வருஷம் வெளியே இருந்து பார்த்த பெஞ்சு. உட்கார்ந்தால் ஒரு பக்கம் லேசாக ஆடியது. அது அவனுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

கவரைக் கழற்றினான். கிளட்சை வெளியே எடுத்தான். கருகின பிளேட்டுகளை ஒதுக்கிவிட்டு, ஓரத்துக் காதுகள் மாட்டி அவை உட்காரும் டிரம்மைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவினான். டிரம்மின் ஓரத்தில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்த தகடு ஒவ்வொன்றிலும் நகம் தடுக்கி நின்றது.

"பள்ளம் விழுந்திருக்குக்கா."

"எப்படி விழுந்துச்சு?"

"பிளேட்டோட காது ஒரே இடத்துல இடிச்சு இடிச்சு விழுந்ததுதான். கிளட்சைப் பிடிச்சாலும் காது போய்ப் பள்ளத்துல மாட்டிக்குது. விலக மாட்டேங்குது. அது விலகாம கியர் விழாது."

"அப்ப கியர்ல ஒண்ணும் இல்ல."

"கியர்ல ஒண்ணும் இல்ல."

"கேபிள்ல?"

அவன் டிரம்மைத் திருப்பி இன்னொரு தடவை துடைத்தான்.

"கேபிள்லயும் ஒண்ணும் இல்லக்கா."

குருவம்மா சின்ன அரம் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பெத்தணசாமி நல்ல வேலைக்காரன் என்று முன்பே சொன்னோம். பள்ளம் ஆழமாகப் போயிருந்தால் டிரம்மையே மாற்ற வேண்டியிருக்கும். இது மேலோட்டம்தான். அரத்தை அழுத்தினால் விரல் மெலிந்து போகும், அழுத்தாவிட்டால் பள்ளம் போகாது. எல்லா விரலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழாமல் ராவினான். ராவ ராவ, சுருளி வந்து இதைப் பார்க்கவேண்டும் என்று நினைத்தான். பார்த்து வாய் பிளக்க வேண்டும். ஊரே பார்க்க வேண்டும். நகம் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியபோது, அவனுக்கு அழுகை வருகிற மாதிரி சந்தோஷமாக இருந்தது.

புதுப் பிளேட் போட்டான். கவரை மூடினான். ஆயில் ஊற்றினான். லீவரில் தீக்குச்சி கனம் ஆட்டம் விட்டான். தனியாக மலைக்குப் போய், மூன்றாவது வளைவையும் தாண்டி, இன்னும் மேலே நாலைந்து வளைவு ஏறித் திரும்பி வந்தான். கியர் விழுவதே காலுக்குத் தெரியவில்லை.

வெயில் தாழ்ந்ததும் ஜெசிந்தா சிஸ்டர் வந்தாள். ரோட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து இறங்கியபோது முகமெல்லாம் சிரிப்பு.

"வெண்ணெய் மாதிரி விழுதுக்கா. வாங்கின அன்னைக்குக்கூட இப்படி இல்ல."

பெத்தணசாமி கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு அடி முன்னால் வந்து நின்றான்.

"அதான் சுருளிகிட்டயே குடுங்கன்னு சொன்னேன். சுருளி கைன்னா கைதான்" என்றாள் சிஸ்டர். "எங்க அவரு? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்."

"இன்னும் வரல சிஸ்டர். ராசிங்காபுரத்துக்குப் போயிருக்கான்" என்றாள் குருவம்மா.

அதோடு நிறுத்திக்கொண்டாள். பெத்தணசாமி அவளைப் பார்த்தான். அடுத்த வாக்கியம் வரும் என்று காத்திருந்தான். அவள் கழிவுப் பஞ்சைச் சுருட்டி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். எதிர்க்கடை டீக்காரரும் வேலையை விட்டுவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும். மெக்கானிக்னா அவருதான்" என்று சொல்லிக்கொண்டே சிஸ்டர் வண்டியில் ஏறினாள்.

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் பெத்தணசாமியின் தொண்டைக்கு வந்துவிட்டது. ஒரு நாள் முழுக்கச் சோறு தண்ணி இல்லாமல் ராவியது இவன், பேர் மட்டும் அன்றைக்கு ஊரிலேயே இல்லாத அவனுக்கு. வண்டிக்கு முன்னால் போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

"நில்லுங்க சிஸ்டர்."

சிஸ்டர் பயந்துபோய் இன்ஜினை அணைத்தாள்.

"அக்கா, காலையில நான் ஒண்ணு கேட்டேன். அதுக்கு நீங்க பதில் சொல்ல வேணாம். இவங்களுக்கு மட்டும் சொல்லுங்க. டீக்கடைக்காரரும் கேக்கட்டும். இந்த வண்டியில இன்னைக்கு யாரு கை வச்சது?"

குருவம்மா டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள். கோபம் எதுவும் அவள் முகத்தில் இல்லை.

"சொல்லிருவோம்ணே. மலையிலருந்து ஆரம்பிக்கவா, பெஞ்சுலருந்து ஆரம்பிக்கவா?"